ஹட்டன் முதல் பதுளை வரை எட்டு ரவுட்டர்கள்

எங்கள் சனிக்கிழமை வகுப்பின் வலையமைப்பு ஆய்வுகூடம் முழுவதும் இப்போது ஒரு கோப்புறைக்குள் அடங்கிவிட்டது. எட்டு ரவுட்டர்கள், அவற்றை இணைக்கும் கம்பிகள், முகவரிகள், பயிற்சி சரியாக முடிந்ததா என்று பார்க்கும் சோதனை ஆகிய அனைத்தும் அதில் இருக்கின்றன. வட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தைவிட அது சிறியது. மஸ்கெலியாவிலிருந்து வரும் மாணவியும் பொகவந்தலாவையிலிருந்து வரும் மாணவரும் தொலைபேசி டேட்டாவிலேயே அதை இறக்கி, ஒரே கட்டளையில் தங்கள் வீட்டில் எழுப்பிவிடுகிறார்கள். அதை எப்படிக் கட்டினேன் என்று வேறு ஊர்களில் கற்பிக்கும் நண்பர்கள் கேட்டார்கள், ஆகவே எழுதுகிறேன். எந்த இடத்தில் தானியக்கத்தை நிறுத்திவிட்டு மாணவர் கையில் வேலையைக் கொடுக்கிறேன் என்பதையும் எழுத வேண்டும். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

வார நாட்களில் கொழும்பு நிறுவனமொன்றின் வலையமைப்பை ஹட்டனில் இருந்தபடியே கவனிக்கிறேன். சனிக்கிழமைப் பிற்பகல்களில் நகரத்தில் ஒரு மாடி அறையில், உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு வலையமைப்புக் கற்பிக்கிறேன். பெரும்பாலானோர் தோட்டங்களில் இருந்து வருகிறவர்கள். நோர்வூட், கொட்டகலை, தலவாக்கலை என்று பல திசைகள். சில தோட்டங்களுக்குக் கடைசி பஸ் இருட்டுவதற்கு முன்பே போய்விடும். ஆகவே வகுப்பின் ஒவ்வொரு நிமிடமும் எங்களுக்கு முக்கியம்.

முன்பு ஜிஎன்எஸ்3 மென்பொருளில் ரவுட்டர்களை இழுத்து வைத்து, கம்பி பொருத்தி, முகவரி இட்டு முடிப்பதற்குள் தேநீர் வேளை வந்துவிடும். ஆளுக்கொரு விதமாக ஆய்வுகூடம் அமையும். ஒருவருடைய கணினியில் முகவரியின் ஓர் எண் பிசகியிருக்கும், அதைத் தேடுவதிலேயே அவருடைய பிற்பகல் கழியும். ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்பைக் கற்க வந்த பிள்ளை அதைத் தொடாமலே பஸ் ஏறுவதைப் பார்ப்பது எனக்குப் பெரும் வருத்தமாக இருந்தது.

கணினி வழங்கிகளைப் பராமரிப்பவர்கள் இந்தச் சிக்கலுக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். உள்கட்டமைப்பைக் கையால் கட்டாமல் நிரலாக எழுதிவைப்பது அந்த விடை. வேக்ரன்ட் 2010இல் வந்தது, அன்சிபிள் 2012இல், டெராஃபோர்ம் 2014இல். கருவிகள் வேறு வேறானாலும் அடிப்படை ஒன்றுதான்: முடிவில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதுங்கள், அந்த நிலைக்குக் கொண்டுவருவது கருவியின் பொறுப்பு. எத்தனை முறை இயக்கினாலும் அதே முடிவுதான் கிடைக்கும். வலையமைப்புப் பயிற்சிக்கென்றே நோக்கியா பொறியியலாளர்கள் உருவாக்கிய கொன்டெய்னர்லாப் என்ற திறந்த மூலக் கருவி பின்னர் வெளிவந்தது. இன்று எங்கள் வகுப்பு நடப்பது அதன்மேல்தான்.

கோப்பில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். யாமல் என்ற எளிய உரை வடிவில் இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் முனைகளின், அதாவது ரவுட்டர்களின், பெயர்களும், ஒவ்வொன்றும் எந்த வகை, எந்தப் படிமத்தில் (ஆயத்த மென்பொருள் தொகுப்பில்) இருந்து எழும்ப வேண்டும் என்பதும் இருக்கும். இரண்டாம் பகுதியில் இணைப்புகள்: இந்த ரவுட்டரின் முதலாம் இடைமுகம் (கம்பி சேரும் வாய்) அந்த ரவுட்டரின் இரண்டாம் இடைமுகத்தோடு சேர்கிறது என்று இணைப்புக்கு ஒரு வரி. அவ்வளவுதான். கொன்டெய்னர்லாப் அதை வாசித்து, ஒவ்வொரு ரவுட்டரையும் ஒரு டொக்கர் கொள்கலனாக (கணினிக்குள் தனித்து இயங்கும் ஒரு மென்பொருள் பெட்டியாக) எழுப்பி, இரண்டிரண்டாக மெய்நிகர் ஈதர்நெட் இணைகளை, அதாவது மென்பொருளால் ஆன கம்பிகளை, பொருத்திவிடும்.

ரவுட்டர்களுக்கு ஆர்1, ஆர்2 என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பிள்ளைகளின் மனதில் ஏற்கெனவே ஒரு வலையமைப்பு வரைபடம் இருக்கிறது. பதுளை ரயில் பாதைதான் அது. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை என்று ஆறு நிலையங்களை எடுத்துக்கொண்டேன். ஆனால் ரயில் பாதை ஒற்றைக் கோடு. ஓரிடத்தில் மண் சரிந்தால் அதற்கு அப்பால் எல்லாமே துண்டிக்கப்பட்டுவிடும். மாற்றுப்பாதையைப் பற்றிக் கற்பிக்க ஒரு வளையம் வேண்டும். அதற்கு நுவரெலியாவையும் வெலிமடையையும் சேர்த்தேன். நானுஓயாவில் இருந்து நுவரெலியாவுக்கு ஏறி, வெலிமடை வழியாகப் பதுளைக்கு இறங்கும் வீதி எல்லாருக்கும் தெரிந்ததுதானே. எட்டு ரவுட்டர்கள், எட்டு இணைப்புகள் ஆகிவிட்டன.

இந்த அமைப்பில் ஓர் அழகு இருக்கிறது. நானுஓயாவில் இருந்து பதுளைக்கு ரயில் வழியும் மூன்று தாவல், வீதி வழியும் மூன்று தாவல் (ஒரு ரவுட்டரில் இருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்). மாணவர்கள் ஓஎஸ்பிஎஃப்பை முதன்முதலில் இயக்கியதும், நானுஓயாவின் வழி அட்டவணையில் பதுளைக்கு இரண்டு அடுத்த தாவல்கள் தெரியும். சமச் செலவுப் பல்வழி (செலவு என்பது வழிகளை ஒப்பிட ஓஎஸ்பிஎஃப் பயன்படுத்தும் எண்) என்பதை நான் பலகையில் எழுதி விளக்க வேண்டியதில்லை. "மிஸ், ஏன் இரண்டு காட்டுகிறது?" என்று அவர்களே கேட்பார்கள். பிறகு வீதி வழியின் செலவைக் கூட்டச் சொல்வேன். இரண்டில் ஒன்று மறையும். ஊர்ப்பெயர் இருப்பதால் விவாதமும் சூடு பிடிக்கும். ரயில் பாதையைவிட வீதிதான் வேகம், ஆகவே ரயிலுக்கே செலவைக் கூட்ட வேண்டும் என்று ஒரு மாணவி வாதாடினாள். நியாயமான வாதம், அப்படியே மாற்றி எழுதினாள்.

ரவுட்டராக இயங்குவது எஃப்ஆர்ஆர். ஸீப்ராவில் இருந்து குவாகா, குவாகாவில் இருந்து எஃப்ஆர்ஆர் என்று கிளைத்து வந்த திறந்த மூல மென்பொருள் அது. 2017 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளர்கிறது. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் நினைவகம். எங்கள் மாணவர்களிடம் இருப்பவை 4 ஜிபி, கூடினால் 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினிகள். சிஸ்கோவின் சிஎஸ்ஆர்1000வி போன்ற மெய்நிகர் ரவுட்டர் ஒன்றுக்கே ஏறக்குறைய 4 ஜிபி வேண்டும், எட்டுக்கு 32 ஜிபி ஆகிவிடும். கொள்கலன்கள் எல்லாம் ஒரே லினக்ஸ் கருவைப் பகிர்ந்துகொள்வதால், எஃப்ஆர்ஆர் கொள்கலன் ஒன்று சில பத்து எம்பியோடு நின்றுவிடுகிறது. எட்டும் எழும்பிய பிறகும் உலாவியைத் திறந்து வைக்க இடம் மிஞ்சும்.

ஒரு சிறு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தெந்த நெறிமுறைகள் இயங்க வேண்டும் என்று சொல்லும் எஃப்ஆர்ஆரின் டீமன்கள் கோப்பில் ஓஎஸ்பிஎஃப் இயல்பாக மூடப்பட்டிருக்கும். அதைத் திறந்த நிலையில் எழுதி ஒவ்வொரு கொள்கலனுக்குள்ளும் பொருத்துவது எங்கள் கோப்புறையின் வேலை. முகவரிகளும் அப்படியே. நிலையங்களின் பட்டியல் ஒன்று, வெற்றிடங்களை நிரப்பி உரை உருவாக்கும் ஜிஞ்சா வார்ப்புரு ஒன்று. அந்த இரண்டிலிருந்தும் எட்டு ரவுட்டர்களின் தொடக்க அமைவுகள் தாமாகவே உருவாகின்றன. ஹட்டனின் லூப்பேக் முகவரி (எந்தக் கம்பியையும் சாராத, ரவுட்டருக்கே உரிய முகவரி) ஒன்றில் முடியும், தலவாக்கலை இரண்டில், இப்படி ரயில் போகும் வரிசையிலேயே போகும். மறுமுனை பதிலளிக்கிறதா என்று பிங் செய்து பார்க்கும்போது மனக்கணக்காக முகவரி வந்துவிடும்.

இங்கேதான் நான் நிறுத்துகிறேன். முகவரி வரை கோப்பு செய்கிறது. ஓஎஸ்பிஎஃப் அமைவின் ஒரு வரிகூடக் கோப்பில் கிடையாது.

இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. இவான் பெப்பெல்னியாக் உருவாக்கிய நெட்லாப் என்ற கருவி இன்னும் ஒருபடி மேலே போகிறது. ரவுட்டர்களின் பெயர்களையும் ஓஎஸ்பிஎஃப் வேண்டும் என்ற ஒரு வரியையும் கொடுத்தால், முகவரிகளைத் தானே பங்கிட்டு, அமைவுகளையும் தானே எழுதி இறக்கிவிடும். மிகச் சிறந்த கருவி. என் வேலையில் ஏதேனும் ஒன்றைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் நான் முதலில் எடுப்பது அதைத்தான். ஆனால் முதன்முதலாக ஓஎஸ்பிஎஃப் கற்கும் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால், அவளுக்கு எஞ்சுவது வேலை செய்யும் ஒரு வலையமைப்பைப் பார்ப்பது மட்டுமே. எதைக் கற்க வந்தாளோ அதைக் கருவி செய்துவிடக் கூடாது. கற்பதற்குத் தடையாக நிற்பவற்றை மட்டும் கருவி செய்யட்டும். எல்லைக் கோட்டைப் பாடத்துக்குப் பாடம் நகர்த்துகிறேன். முகவரித் திட்டமிடல் கற்பிக்கும் வாரத்தில் முகவரிகளையும் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, வெறும் கம்பிகளை மட்டும் கொடுப்பேன். வெவ்வேறு நிறுவனங்களின் வலையமைப்புகளை இணைக்கும் நெறிமுறையான பிஜிபியைக் கற்பிக்கும் வாரத்தில் ஓஎஸ்பிஎஃப் ஆயத்தமாகவே வரும், அப்போது அது தெரிந்த விஷயம்.

கட்டுவதைப் போலவே சோதிப்பதையும் எழுதிவைத்திருக்கிறேன். கொன்டெய்னர்லாப் தானாகவே அன்சிபிளுக்கான முனைப் பட்டியலை உருவாக்கித் தருவதால் இது எளிது. எஃப்ஆர்ஆர் தன் அயலவர் அட்டவணையை, அதாவது ஓஎஸ்பிஎஃப்பில் நேரடியாக உறவாடும் ரவுட்டர்களின் பட்டியலை, நிரல்கள் வாசிக்கக்கூடிய ஜேசன் வடிவிலும் தரும். நானுஓயாவுக்கு மூன்று அயலவர்கள் இருக்க வேண்டும், மூன்றும் முழு நிலையில் இருக்க வேண்டும், ஹட்டனுக்கு ஒன்று போதும் என்று எதிர்பார்ப்பை எழுதி, உண்மை நிலையோடு ஒப்பிடுகிறோம். வீட்டில் தனியாகப் பயிலும் மாணவருக்கு இது பெரிய துணை. இரவு பத்து மணிக்கு எனக்கு அழைப்பு எடுக்காமலே, எந்த இணைப்பில் சிக்கல் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் சரியான அமைவு என்னவென்று அந்தச் சோதனை சொல்லாது. தேடிக் கண்டுபிடிப்பதில் இருக்கும் மகிழ்ச்சியை அவர்களிடமிருந்து பறிக்க நான் விரும்பவில்லை.

மிக அதிக நேரம் நாங்கள் செலவிடுவது மண்சரிவுப் பயிற்சியில்தான். ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் இணைப்பை வெட்ட வேண்டும். ஹப்புத்தளையின் இடைமுகத்தை அணைத்தால், கண்ணிமைப்பதற்குள் வழி மாறிவிடும். மெய்நிகர் ஈதர்நெட் இணையில் ஒரு முனை அணைந்தால் மறுமுனையும் உடனே சமிக்ஞையை இழந்துவிடும் என்பதே காரணம். உண்மை உலகில் எல்லாத் துண்டிப்பும் அப்படி நடப்பதில்லை. இடையில் ஒரு சுவிட்சோ மைக்ரோவேவ் கோபுரமோ இருந்தால், பாதை செத்த பிறகும் இரு முனைகளிலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதைக் காட்ட, இடைமுகத்தை அணைக்காமல், லினக்ஸின் நெட்டெம் வசதியால் ஹப்புத்தளையில் இருந்து போகும் பொதிகளை நூறு சதவீதம் தொலைக்கச் செய்கிறோம்.

அப்போது நடப்பதைப் பார்க்க வேண்டும். அயலவர்கள் தாம் உயிரோடு இருப்பதைச் சொல்லும் ஹலோ பொதிகள் 10 விநாடிக்கு ஒருமுறை வர வேண்டியவை. பண்டாரவளை காத்திருக்கிறது. 40 விநாடி முடிந்ததும் அயலவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்கிறது. ஹப்புத்தளையோ பண்டாரவளையின் ஹலோக்களை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் தொலைப்பது ஒரு திசையில் மட்டும். அது எப்படி அறிந்துகொள்ளும்? பண்டாரவளை அனுப்பும் அடுத்த ஹலோவில், அயலவர் பட்டியலில் ஹப்புத்தளையின் பெயர் இருக்காது. தன் பெயர் இல்லாத ஹலோவைக் கண்டதும் ஹப்புத்தளையும் உறவைத் தொடக்க நிலைக்கு இறக்கிவிடும். இந்த 40 விநாடியில் ஹட்டனில் இருந்து பண்டாரவளைக்கு அனுப்பும் பிங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைவதைத் திரையில் பார்த்த பிள்ளைக்கு, ஹலோ இடைவெளியை ஏன் சிலர் குறைக்கிறார்கள் என்று விளக்கத் தேவையில்லை. வெட்டுவதும் கோப்புறையில் ஒரு கட்டளைதான், ஒட்டுவதும் அப்படியே. அதனால் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க யாரும் தயங்குவதில்லை.

இதே பயிற்சியில் ஒரு மாணவர் கொண்டுவந்த புதிர் எனக்கு மிகவும் பிடித்தது. "மிஸ், ரயில் பாதையையும் வெட்டிவிட்டேன், வீதியையும் வெட்டிவிட்டேன். ஆனாலும் பதுளைக்குப் பிங் போகிறது" என்றார். அயலவர் அட்டவணையைத் திறந்தோம். ஒவ்வொரு ரவுட்டரிலும் இடைமுகம் பூச்சியத்தில் ஏழு அயலவர்கள். கொன்டெய்னர்லாப் எல்லா முனைகளையும் மேலாண்மைக்கென ஒரு பொது வலையமைப்பில் இணைத்திருக்கும். இயல்பாக அது 172.20.20.0/24. அந்த இணைப்பு எப்போதும் பூச்சியம் இலக்க இடைமுகத்தில்தான் இருக்கும், எங்கள் கம்பிகள் ஒன்றில் இருந்து தொடங்கும். மாணவர் எல்லா வலையமைப்புகளையும் ஒரே வரியில் ஓஎஸ்பிஎஃப்புக்குள் சேர்த்திருந்தார். ஆகவே எட்டு ரவுட்டர்களும் பின்வாசல் வழியாகக் கைகோத்துக்கொண்டன. எந்த இடைமுகத்தில் நெறிமுறை பேச வேண்டும், எதில் மௌனமாக இருக்க வேண்டும் என்பதை அன்று முழு வகுப்பும் அந்தத் திரையைச் சுற்றி நின்று கற்றுக்கொண்டது. மேலாண்மை வலையமைப்பை நான் கோப்பில் மறைத்துவிடலாம்தான். ஆனால் இந்தப் புதிர் ஒவ்வோர் அணிக்கும் வர வேண்டும் என்பதற்காகவே அப்படியே விட்டிருக்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் மலையகத்தில் கணினி வகுப்பைப் பற்றி எழுத முடியாது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் கரையில் வாழ்கிறவர்கள் நாங்கள். அந்த நீர் லக்சபான மின்நிலையங்களுக்குப் போகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது எங்கள் லயங்களும் இருளில்தான் கிடந்தன. இப்போது நிலைமை வேறு. ஆனாலும் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் வீட்டில் அம்மா வந்து எல்லா வயர்களையும் கழற்றிவிடுவார். பழைய மடிக்கணினிகளின் மின்கலம் தாங்காது, ஆய்வுகூடம் அணைந்துவிடும். கணினியை மறுபடி இயக்கினால் கொள்கலன்கள் எழுந்தாலும் அவற்றுக்கிடையே இருந்த கம்பிகள் திரும்ப வராது. முன்பென்றால் இது அழுகை வரும் இடம். இப்போது கலைத்துவிட்டுப் புதிதாக எழுப்பச் சொல்லும் ஒரே கட்டளை போதும், தேநீர் ஆறுவதற்குள் எட்டு ரவுட்டர்களும் நிற்கும். மாணவர் எழுதிய ஓஎஸ்பிஎஃப் அமைவு, கொள்கலனுக்கு வெளியே அவருடைய கோப்புறையிலேயே சேமிக்கப்படுகிறது. சேமித்த வரி எதுவும் தொலையாது.

இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு நடைமுறைச் செய்திகள் சில. படிமத்தைக் குறிப்பிடும்போது பதிப்பு எண்ணை எழுதுங்கள், கடைசிப் பதிப்பு என்று விட்டுவிடாதீர்கள். இந்த வாரம் இறக்கியவருக்கும் அடுத்த மாதம் இறக்கியவருக்கும் வேறு வேறு ரவுட்டர் கிடைத்தால் இத்தனை உழைப்பும் வீண். படிமத்தை ஒருவர் மட்டும் இறக்கி, டொக்கரின் சேமிப்புக் கட்டளையால் ஒரு கோப்பாக்கிப் பென்டிரைவில் சுற்றவிடுங்கள். தோட்டத்தில் டேட்டா வாங்குவது பெற்றோரின் நாட்சம்பளத்தில் இருந்துதான். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல்2க்குள் உபுண்டு நிறுவி இதையே செய்யலாம். ஆனால் விண்டோஸின் வரிமுடிவுக் குறிகள் லினக்ஸ் ஆணைத்தொடர்களைக் குழப்பிவிடும், லினக்ஸ் வரிமுடிவையே பயன்படுத்தும்படி, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தின் பண்புக் கோப்பில் முதலிலேயே எழுதிவிடுங்கள். யாமலில் டப் விசையைத் தொடாதீர்கள், இடைவெளி மட்டும்தான்.

முனைகளின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் குறிப்புரைகளைத் தமிழில் எழுதத் தடையில்லை. எங்கள் கோப்புகளில் ஒவ்வோர் இணைப்புக்கும் மேலே, அது ஏன் இருக்கிறது என்று தமிழில் ஒரு வரி இருக்கும். மாணவர்கள் திருத்தம் அனுப்பும்போது கிட்டில் எழுதும் விளக்கமும் தமிழில்தான். யார், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று எல்லாரும் வாசிக்கலாம், கேள்வி கேட்கலாம். ஓர் ஆய்வுகூடம் ஆசிரியரின் கைப்பழக்கமாக மட்டும் இருந்தால் இப்படியொரு உரையாடல் சாத்தியமே இல்லை. பதுளைப் பக்கத்து மாணவர் ஒருவர், பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் நேர் வீதி இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டு, ஒன்பதாவது இணைப்பைத் தானே எழுதி அனுப்பினார். சேர்த்துக்கொண்டேன், இரண்டாம் கட்டப் பயிற்சியில் அது இருக்கிறது.

மடிக்கணினியே இல்லாத பிள்ளைகள்தான் இப்போது என் கவனத்தில் இருக்கிறார்கள். வகுப்பறையில் 16 ஜிபி நினைவகம் உள்ள பாவித்த சிறு கணினி ஒன்றை வைத்து, அதில் மாணவருக்கு ஒரு ஆய்வுகூடமாக எழுப்புகிறோம். அவர்கள் தொலைபேசியில் டெர்மக்ஸ் என்ற கட்டளைச் செயலியை நிறுவி, இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வருகிறார்கள். ஒவ்வொருவருடைய ஹட்டனும் அதே முகவரிதான். ஆனால் லினக்ஸ் வலையமைப்புப் பெயர்வெளிகள் அவற்றைப் பிரித்து வைத்திருப்பதால் ஒன்றோடொன்று மோதாது. பொது மேலாண்மை வலையமைப்பை மட்டும் ஆளுக்கொன்றாகப் பிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் முன்பு சொன்ன புதிர், ஒருவருடைய ரவுட்டர் இன்னொருவருடைய ரவுட்டரோடு அயலவராகும் அளவுக்குப் பெரிதாகிவிடும். மாணவர் எண்களின் பட்டியலில் இருந்து இந்தக் கோப்புகள் அனைத்தையும் பைதன் நிரல் ஒன்று உருவாக்குகிறது. புதிதாக ஒருவர் சேர்ந்தால் பட்டியலில் ஒரு வரி கூடும்.

அடுத்த அணிக்குப் பிஜிபி பாடம் ஆயத்தமாகிறது. மலைநாடு முழுவதும் ஒரு தன்னாட்சி அமைப்பு (ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் வலையமைப்பு), கொழும்பு இன்னொன்று. எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட 64496 முதல் 64511 வரையான தன்னாட்சி அமைப்பு எண்களில் இரண்டை எடுத்திருக்கிறேன். கொழும்புக்கான இணைப்பை ஹட்டனில் மட்டும் வைப்பதா, பதுளையிலும் ஒன்று வைப்பதா என்பதை மாணவர்களே தீர்மானித்து, காரணத்தோடு எழுதி அனுப்ப வேண்டும்.